சைலன்சரில் ஒரு மஞ்சள் பொட்டு

புதூர்நாட்டு மலையில் அந்த வண்டி ஏறாத மேடே கிடையாது, பின்சீட்டில் யாரும் உட்காராதவரைக்கும். விற்கும்போது முதல் பாதியை மட்டும் சொல்லி விற்றார்கள். திருப்பத்தூர் ஷோரூமின் கண்ணாடிக் கதவில் ஆளுயரப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. தாடி வைத்த ஒருவன் பனிமலை ஒன்றின் மேல் இதே வண்டியில் சீறிக்கொண்டு போகிறான். அவனுக்குப் பின்னால் பெண்டாட்டி இல்லை, அவள் மடியில் சோற்றுத் தூக்கு இல்லை, சத்துமாவுப் பை இல்லை. அந்தப் படத்தை அன்றைக்கே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இவ்வளவு நடை மிச்சமாகியிருக்கும் என்று திரௌபதி பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

நடந்தவள் அவள்தான். அவள் நடக்கக் கூடாது என்பதற்காகவே வண்டியை வாங்கினார்கள் என்பது இதில் கூடுதல் சிறப்பு. மேட்டுக்கொல்லைப் பால்வாடியில் அவளுக்கு டீச்சர் வேலை. அவர்கள் ஊரிலிருந்து அங்கே போகச் சிமெண்டு ரோடு ஒன்று உண்டு. அது வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போகும். பஸ் வராது. ஜீப் மனம் வந்தால் வரும். ஆகவே அவள் ரோட்டைச் சீண்டாமல், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறி, நேரத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுவாள். மழை நாளில் அந்தப் பாதையில் பாறை வழுக்கும். இரண்டு தடவை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். அவள் புருஷன் தசரதனுக்கு அது பொறுக்கவில்லை. சாமையும் புளியும் சேர்ந்து கைகொடுத்த ஒரு வருஷத்தில் புத்தம்புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இனிமேல் நீ மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னான். சொன்னபடியே நடந்தது. அவள் மண்ணில் கால் வைக்கவில்லை, சிமெண்டில் வைத்தாள்.

முதல் வளைவு வரைக்கும் ராஜ மரியாதைதான். இரண்டாவதில் வண்டிக்கு மூச்சு வாங்கும். அடுத்ததில் இருமி, முனகி, நின்றுவிடும். திரௌபதி இறங்குவாள். பாரம் குறைந்ததும் ஒரு வியாதியும் இல்லாததுபோல அது மெல்ல நகர்ந்து மேலே போய்விடும். தசரதன் மேட்டில் நிறுத்திக்கொண்டு, இன்ஜினை ஆறவிட்டு, அவள் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவாள். ஏறி உட்கார்ந்தால் அடுத்த வளைவில் மறுபடியும் இறக்கம். கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, புது வண்டி எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது, அதற்கு உடம்பு நோகாமல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள் திரௌபதி.

பழையபடி குறுக்குப் பாதையில் போய்விடலாம் என்றால் அதுவும் போயிற்று. வண்டி வந்த மாதமே கொல்லைக்காரர் காட்டுப்பன்றிக்குப் பயந்து பாதையை அடைத்து முள்கம்பி வேலி போட்டுவிட்டார். அவளுக்காக ஒரு சந்து விடக்கூடாதா என்று கேட்டதற்கு, உனக்குத்தான் வண்டி வந்துவிட்டதே என்றார். ஊரில் அவளுக்காகச் சந்தோஷப்படாத ஆளே இல்லை.

வியாதி சைலன்சரில் இருந்தது. அதற்குள்ளே பெரிய பொட்டு அகலத்துக்கு ஒரு தகடு, வால்வு என்று பெயர். வண்டி மெதுவாகப் போகும்போது பாதி மூடியும், முக்கி இழுக்கும்போது முழுதாகத் திறந்தும் புகையை வெளியே விடவேண்டியது அதன் உத்தியோகம். அதை இழுத்துவிட ஒரு கேபிள், கேபிளை இழுக்க ஒரு குட்டி மோட்டார், மோட்டாருக்குப் புத்தி சொல்ல ஒரு கம்ப்யூட்டர். இத்தனை பேர் மேற்பார்வை பார்த்தும், சூடேறினால் அந்தத் தகடு மூடினது மூடினபடியே சிக்கிக்கொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்கச் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும், வண்டிக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறிப்போனால் தகடு தானாக விட்டுக்கொடுத்துவிடும். மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற வழியெல்லாம் இறக்கம். எனவே ஷோரூம் வாசலில் போய் நிற்கும்போது வண்டி பரம உத்தமனாக இருக்கும்.

ஷோரூமில் சர்வீஸ் பார்ப்பவர் தனசேகரன். கழுத்தில் டை, காதில் பேனா, வாயில் எந்நேரமும் ஓகே. முதல் தடவை போனபோது வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வந்து, வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். இந்த ரோட்டில் மேடே இல்லையே என்றாள் திரௌபதி. கம்பெனி விதிப்படி டெஸ்ட் ரைடு இந்த ரோட்டில்தான் என்றார் அவர். அவருடைய முதுகுக்குப் பின்னால், கண்ணாடி நிறைய, ஜவ்வாது மலை நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது தடவை அவர் விஷயத்தை ஆழமாக ஆராய்ந்தார். திரௌபதியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அக்கா இன்னா வெயிட் இருப்பீங்க?"

"விக்கிறப்போ கேக்கலியே. கேட்டிருந்தா எளச்சிட்டு வந்திருப்பேன்" என்றாள் அவள்.

மூன்றாவது தடவை லேப்டாப்பை வண்டிக்கு மாட்டி, சாப்ட்வேர் புதுசு போடுவதாகச் சொல்லி அரை நாளைத் தின்றார்கள். அதனால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. அதுவரை தப்பாக ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கடிகாரம் சரியாக ஓட ஆரம்பித்தது. வண்டி எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை அன்றிலிருந்து துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடிந்தது.

நான்காவது தடவை தனசேகரனுக்கே போரடித்துவிட்டது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, வால்வு சிக்குகிறதோ என்னமோ, சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்தால்தான் மாற்ற முடியும், அவர் வருவார் என்றார். எப்போது என்று கேட்டதற்கு மறுபடியும் வருவார் என்றார். பிறகு ஒரு குச்சியில் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு, வால்வு மூடியின் போல்ட்டு மேல் பொட்டு வைத்தார். இன்ஜினியர் வரும்வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது, பொட்டு கலைந்திருந்தால் வாரண்டி போச்சு என்று சொன்னார். வண்டிக்குப் பூஜை போடுகிறவர்போல அவ்வளவு பயபக்தியாக வைத்தார்.

இதில்தான் எல்லாம் கெட்டது. கீழ்நாட்டில் யாராவது ஒருவனிடம் இப்படிச் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே மெக்கானிக்கிடம் நிறுத்திக் கழற்றிப் பார்த்துவிட்டு, கடையில் மஞ்சள் பெயிண்டு வாங்கித் தானே பொட்டு வைத்திருப்பான். தசரதன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவர்கள் ஊரில் காட்டில் ஒருவன் தேன்கூட்டைப் பார்த்துவிட்டால், அந்த மரத்தில் நாலு புல்லைப் பிடுங்கி முடிச்சாகக் கட்டி முடி போட்டுவிட்டு வருவான். அப்புறம் அந்தக் கூட்டை வேறு ஆள் ஏறிட்டும் பார்க்கமாட்டான். தேன் வழிந்தாலும் சரி, கரடி தின்றாலும் சரி, முடி போட்டவனுடையது முடி போட்டவனுக்கு. காட்டில் பூட்டு இல்லை, சாவி இல்லை, இந்த நாலு புல்தான் எல்லாம். அந்த வழக்கத்தில் தசரதன் கொஞ்சம் அதிகப்படி. யாருடைய முடி என்று தெரியாத மரத்தடியில் நிழலுக்குக்கூட உட்காரமாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் கண்ணில் தனசேகரனின் மஞ்சள் பொட்டு எப்படிப் பட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் வண்டியைத் துடைத்தவன், பொட்டு இருந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டான்.

புதூர்நாட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மெக்கானிக் கடை வைத்திருக்கும் லட்சுமணன் வண்டியின் இருமலைக் கேட்டுவிட்டு, மூடியைக் கழற்றித் தகட்டைத் திறந்த வாக்கில் கம்பி போட்டுக் கட்டிவிட்டால் முடிந்தது கதை என்றான். லட்சுமணன் பெரிய மேதை ஒன்றும் இல்லை. எந்த வியாதிக்கும் அவனிடம் இருந்த ஒரே மருந்து கட்டுக்கம்பிதான். அவன் கடைக் கதவே கட்டுக்கம்பியில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் இந்த வியாதிக்கு அந்த மருந்து பொருந்திப்போனது. தசரதன் மாட்டேன் என்றுவிட்டான். பொட்டை ஷோரூம்காரன் வைத்திருக்கிறான், அவன் வந்து எடுக்காமல் நாம் எப்படித் தொடுவது என்றான். வண்டி நம்முடையது இல்லையா என்று திரௌபதி கேட்டாள். மரமும் எல்லாருக்கும் பொதுதான், முடி போட்டால் தொடுவோமா என்றான். வாரண்டி போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இருந்ததால் வற்புறுத்தாமல் விட்டாள். அன்று பின்சீட்டில் ஏறாமல் முதலிலிருந்தே நடந்தாள்.

இது இப்படியே போயிருந்தால் அவளுக்குக் கால் வலியோடு போயிருக்கும். போகவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள் பால்வாடிக்கு அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டிக்கிடக்க, பிள்ளைகள் பலா மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே சூப்பர்வைசர் புவனா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு முட்டை போடுகிற நாள் வேறு. திரௌபதி வண்டிக் கதையைச் சொன்னாள். வால்வு, கேபிள், குட்டி மோட்டார் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நடந்து வந்தப்போ டயத்துக்கு வந்தே. வண்டி வந்தப்புறம் லேட்டா வர்றே. மேல இன்னான்னு எழுதுறது நானு?" என்றார் புவனா.

இன்னொரு தடவை பூட்டியிருக்கக் கண்டால் அவளைக் கீழே எங்காவது மாற்றிவிட்டு இங்கே வேறு ஆள் போடுவதாகச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கீழே என்றால் மலையடிவாரத்துக்கும் அப்பால். தினம் இறங்கி ஏற முடியாது. அப்படியென்றால் வேலையை விடுவதுதான். பால்வாடிப் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டு, முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டே அவள் அழுதாள். இந்த வேலை அவளாகப் படித்து, அவளாக வாங்கியது. ஒரு தகட்டுக்கும் ஒரு பொட்டுக்கும் நடுவே அது போய்விடப் பார்த்தது.

அன்று ராத்திரி சோறு போட்டுவிட்டு அவள் ஆரம்பித்தாள். கோபத்தில் பேசினால் இந்த மனுஷனிடம் வேலைக்காகாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவன் பேச்சிலேயே போனாள்.

"மாமா, முடி போட்டவன் வராமலே இருந்தா இன்னா பண்ணுவோம்?"

"சொல்லி அனுப்புவோம்."

"அப்பவும் வரலேன்னா?"

"அமாவாச வரிக்கும் பாப்போம். வரலேன்னா முடி செத்துடும். வோணுங்கிறவன் எடுத்துக்கலாம்" என்றவன், சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தான். எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. "ஆனா அவங்களுக்கு நாம இன்னும் சொல்லி அனுப்பலியே" என்றான்.

நாலு தடவை திருப்பத்தூர் போய் வந்தது சொல்லி அனுப்பினதில் சேராதாம். அது வியாதியைச் சொன்னது. முடி சாகப் போகிறது என்று சொல்ல வேண்டாமா. அவன் சொல்வதிலும் முறை இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல்.

மறுநாள் தசரதன் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, வாரண்டி புத்தகத்தில் இருந்த இலவச எண்ணுக்குப் போன் போட்டான். ஒரு பெண் குரல் எடுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. தசரதன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான். தமிழுக்கு ஒன்றை அழுத்தினான், புகாருக்கு மூன்றை அழுத்தினான், பிறகு அந்தக் குரல் பாட்டுப் போட்டுவிட்டுப் போனது. பாட்டு முடிந்ததும் திரும்பி வந்து, எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள், ஒலி கேட்டதும் உங்கள் செய்தியைச் சொல்லவும் என்றது. அவன் சொன்னான். தன் பேர், ஊர், வண்டி நம்பர் எல்லாம் சொல்லி, நீங்கள் வைத்த பொட்டுக்கு அமாவாசை வரைக்கும் தவணை, அதற்குள் ஆள் அனுப்பாவிட்டால் நாங்கள் எடுத்துக்கொள்வோம், வருத்தப்படக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். உங்கள் செய்தி பதிவு செய்யப்பட்டது, நன்றி என்றது குரல்.

கீழே இறங்கி வந்தவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டுது, நன்றி கூடச் சொல்லிச்சு என்றான். அது மெஷின் என்று திரௌபதி சொல்லவில்லை. சொன்னால் மெஷினுக்குச் சொன்னது செல்லுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான். முறைப்படி இன்னும் இரண்டு தடவை ஏறிச் சொல்லிவிட்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் அது நன்றி சொன்னது. அந்தக் கம்பெனியிலேயே அவனிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அதுதான்.

அமாவாசை வரைக்கும் திரௌபதி விடியும் முன்பே கிளம்பி ரோட்டோடு நடந்தே போனாள். தசரதன் வெறும் வண்டியில் அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்தான், துணைக்கு. அமாவாசை வந்தது. சென்னையிலிருந்து எவனும் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லட்சுமணன் கடையில் வண்டியை நிறுத்தி, தசரதன் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தான். லட்சுமணன் மூடியைக் கழற்றி, கேபிளையும் அதோடு இருந்த ஸ்பிரிங்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, தகட்டை முழுசாகத் திறந்த வாக்கில் வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினான். குட்டி மோட்டாரை மட்டும் அப்படியே விட்டான், அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் அழும் என்றான். அது இழுக்கக் கேபிள் இல்லாமலே, தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்ற நினைப்பில் உள்ளே சுழன்றுகொண்டிருந்தது. இதுபோன்ற அதிகாரிகளைத் திரௌபதி நிறையப் பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் வண்டி கொஞ்சம் முரட்டுக் குரலில் உறுமிக்கொண்டு முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது வந்ததும் பழக்கத்தில் அவள் ஒரு காலைத் தொங்கவிட்டாள். வண்டி நிற்கவில்லை. அவள் காலை மறுபடியும் மேலே எடுத்து வைத்துக்கொண்டு, புருஷன் தோளைப் பிடித்தாள். களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொல்லை பின்னால் போய்விட்டது. காற்று முகத்தில் அடித்தது. அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பால்வாடியைத் திறந்து, கூட்டி, பிள்ளைகளுக்குக் கஞ்சியும் ஊற்றிவிட்ட பிறகு சூப்பர்வைசர் ஜீப் வந்தது. திறந்திருந்த கதவைப் பார்த்த புவனாவின் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. பதிவேட்டில் எழுத ஒன்றும் கிடைக்காமல், சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருப்பதாக எழுதிவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வேறு யாராவது புருஷனாக வாய்த்திருந்தால் முடிந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் தசரதன் அடுக்குப் பானையிலிருந்து மலைத்தேனை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தேக்கிலையில் கேபிளும் ஸ்பிரிங்கும் பொட்டலமாகக் கட்டியிருந்தன. யாருக்கு என்று திரௌபதி கேட்டாள். செத்த முடியானாலும், எடுத்தவன் முடி போட்டவனுக்குப் பங்கு கொடுத்துவிட வேண்டும், அதுதானே வழக்கம் என்றான்.

"நாம பிரிச்சத நாமளே போயி சொல்றதா? பாத்தான்னா திரும்ப மூடி வச்சிடுவான் மாமா. எனக்கு வேல போயிடும்."

"பங்கு குடுக்காம எடுத்தா அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டான் அவன்.

அவளுக்குத் தெரிந்த பேர்தான். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒரு நாளும் நிம்மதி இல்லை என்று தோன்றியது. இவன் இப்படி இருப்பதால்தான் தான் இத்தனை வருஷம் பயமில்லாமல் தூங்கியிருக்கிறோம் என்றும் தோன்றியது. தனியாகப் போனால் எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான் என்று அவளும் பின்சீட்டில் ஏறினாள்.

தனசேகரன் தேக்கிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். கொலைக்குப் பயன்படுத்திய கத்தியைக் கொலைகாரனே கொண்டுவந்து நீட்டினால் போலீஸ்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, செல்போனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார். சைலன்சரை எடுத்தார், கம்பியை எடுத்தார், தசரதனையும் ஓரமாக நிற்கவைத்து எடுத்தார். தசரதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். தேன் பாட்டிலைத் தனசேகரன் மேஜையின் கீழ் அறைக்குள் வைத்தார், வைப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து ஒரு விரல் நக்கியும் பார்த்தார்.

அப்புறம் கம்பெனிக் குரலுக்கு மாறினார். இப்போது இரண்டு வழி இருக்கிறது என்றார். வண்டியை விட்டுவிட்டுப் போனால் பழையபடி கேபிளை மாட்டி, கம்பியை அறுத்து, புதுப் பொட்டு வைத்துவிடுவார். இன்ஜினியர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் வாரண்டி பிழைக்கும். இல்லையென்றால் இங்கேயே, இப்போதே, வாரண்டி ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

தசரதன் தலை குனிந்து நின்றான். திரௌபதி அவன் முகத்தையே பார்த்தாள். ஒருவன் முறை என்று ஒன்றைச் சொன்னால் அதற்குக் கட்டுப்படுகிற முகம் அது. கம்பியை அறுத்துவிட்டால் மறுபடியும் மூன்றாவது வளைவு, மறுபடியும் பூட்டிய கதவு, பலா மரத்தடியில் பிள்ளைகள். இந்த ஏசி ரூமில், இந்த டை கட்டினவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று புருஷன் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"இன்ஜினியர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டான் தசரதன்.

"வருவாரு சார்."

"தேன் நல்லா இருந்திச்சா?"

தனசேகரன் கொஞ்சம் தடுமாறினார். "நல்லா இருந்திச்சு. ஏன்?"

"பங்கு வாங்கிக்கிட்டீங்க இல்ல. அப்போ இனிமே இந்த வண்டியில உங்க பாத்தியம் ஒண்ணும் இல்ல, சரியா?"

வாரண்டி ரத்தைத்தான் இந்த ஆள் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறான் என்று தனசேகரன் நினைத்திருக்க வேண்டும். இனிமேல் கம்பெனிக்கும் இந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கறாராகச் சொன்னார். தசரதன் முகம் மலர்ந்துவிட்டது. கையெழுத்து எங்கே என்று கேட்டு, காட்டிய இடத்தில் எல்லாம் போட்டான். தனசேகரன் சிவப்பு மையில் ரத்து என்று முத்திரை குத்தி, பாவம் இந்த மலைக்காரன் என்கிற மாதிரி அவனைப் பார்த்தார். தசரதனும் அவரை ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தான். அவ்வளவு நல்ல வண்டியை ஒரு பாட்டில் தேனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று.

திரௌபதி அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே, இதனால் தனக்கு என்னவெல்லாம் நஷ்டம் என்று யோசித்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்று போய்வந்து ஓகே சொல்ல இனி ஆள் இருக்காது. அவள் எடையைக் கேட்க ஆள் இருக்காது. மீட்டர் கடிகாரம் மறுபடி கெட்டால் கெட்டதுதான். வேறு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாளாக எதை இழந்துவிடக் கூடாது என்று தான் நடையாய் நடந்தோமோ அது இவ்வளவுதான் என்று தெரிந்ததும், அவளுக்கு அந்த மஞ்சள் பொட்டின் மேலும், தன் மேலுமே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷன் மேல் வரவில்லை. அவனையாவது ஒரு வழக்கம் தடுத்தது. தன்னைத் தடுத்தது வெறும் வாரண்டி புத்தகம்.

வெளியே வந்தபோது, வாசலில் அதே கம்பெனி வண்டி, அதே நிறம், நம்பர் பிளேட்டில் பூமாலை இன்னும் காயவில்லை. மலையில் மேடேறி இறங்கித்தான் வரவேண்டிய காவலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் உள்ளே போய்த் தனசேகரனிடம் கையைக் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். தனசேகரன் ஓகே ஓகே என்று சொல்வது கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி போலிருக்கிறது, சின்னப் பெண், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். கொசுவம் இன்னும் செருகினபடியே இருந்தது. கணுக்கால் வரைக்கும் செம்மண் ஏறியிருந்தது.

தசரதன் வண்டியை உதைத்துவிட்டு, ஏறு என்றான். திரௌபதி ஏறவில்லை. நேரே அந்தப் பெண்ணிடம் போனாள்.

"நீ எந்த வளைவுல எறங்குறே?"

முன்பின் தெரியாத ஒருத்தி வந்து இப்படிக் கேட்டால் யாரும் முழிப்பார்கள். அந்தப் பெண் முழிக்கவில்லை. உள்ளே இருக்கும் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரௌபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்துலயும்க்கா" என்றாள்.